அனசரப் படம்

ஜெய் ஜகந்நாத்

பூரி, சித்திரக்காரத் தெரு
8 ஜனவரி 2023

அன்புள்ள குலமணிக்கு,

இது கோழி கிளறியது இல்லை, உன் பெண்டாட்டியின் இடது கை எழுத்து. பிசியோதெரபிக்கு வரும் பெண் தினமும் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லியிருக்கிறாள். இடது கை எழுதுவதைப் பார்த்து வலது கைக்கு ரோஷம் வருமாம். யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். "வீட்டுக்காரருக்கு எழுதுங்கக்கா, திட்டி எழுதினா கை சீக்கிரம் வரும்" என்றாள். அதனால் இனிமேல் உனக்குக் கடிதம்தான். நீயும் கையால்தான் பதில் எழுத வேண்டும். அச்சடித்து அனுப்பினால் பிரிக்க மாட்டேன்.

போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் நான் வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை. வாய் இன்னும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நம்ம சாமியே நூற்றெட்டுக் குடம் தண்ணீரில் குளித்துக் காய்ச்சல் வந்தால், அனசரம் என்று பதினைந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு கஷாயம் குடிக்கிறான். ஒருத்தருக்கும் முகம் காட்டுவதில்லை. நான் ஒரு குடம்கூட ஊற்றாமல் அனசரத்தில் படுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். தரிசனம் கிடையாது. கதவு திறக்கும்போது சொல்கிறேன்.

கஷாயம் எனக்கும் உண்டு. அம்மா பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு வரை குடிக்க வைக்கிறாள். வயசு முப்பத்திநாலு என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை.

என் கவலை என்னவென்று உனக்குத் தெரியும். போனில் வருகிற நம்ம படக்கதைப் பெண் குஹுடி, டிசம்பர் அத்தியாயத்தோடு நின்றிருப்பாள். சிலிகா ஏரி நடுவில், மூடுபனியில், துடுப்பைத் தூக்கிய கையோடு அவளை விட்டுவிட்டு வந்தேன். ஆசிரியர் வசுந்தரா மேடத்திடம் சொல்லி, "ஓவியர் கேதகிக்கு உடம்பு சரியில்லை, குணமானதும் குஹுடி வருவாள்" என்று ஒரு வரி போடச் சொல். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வந்தவள் சொல்லாமல் காணாமல் போனால், படிக்கிற பிள்ளைகள் என்ன நினைக்கும்.

சிரட்டைகளில் கரைத்து வைத்த வண்ணம் காய்ந்துவிடும். தினமும் கொஞ்சம் தண்ணீர் விட்டு வை.

உன்
கேதகி


ஹைதராபாத்
20 ஜனவரி 2023

அன்புக் கேதகி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டு தடவை எழுத்து புரியாமல், இரண்டு தடவை புரிந்து. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் பேனாவால் எழுதுவது இதுதான் முதல். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சிரட்டைகளுக்குக் காலையில் தண்ணீர் விடுகிறேன். சங்கு வெள்ளை மட்டும் கொஞ்சம் வெடித்துவிட்டது. தால்மா செய்து பார்த்தேன். பருப்பு ஒரு பக்கமும் பூசணி ஒரு பக்கமும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நம்ம ஊர்க்காரர்கள் மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

குஹுடியைப் பற்றிக் கவலைப்படாதே. அவள் பத்திரமாக இருக்கிறாள். மேடம் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். குஹுடியை வைத்து ஒரு விளையாட்டு செய்யலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகள் போனில் படகை ஓட்டி, மூடுபனிக்குள்ளே பொருள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். துணியில் நீ எழுதுகிற சீலைப் படங்கள்தான் அந்த உலகம் முழுக்க. நல்ல செய்திதானே? நீ உடம்பைப் பார்த்துக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தரிசனம் இல்லை என்றால் பரவாயில்லை. ஆனால் வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. நீ திட்டாத நாள் நாள் மாதிரியே இல்லை.

உன்
குலமணி


ஜெய் ஜகந்நாத்

பூரி
5 பிப்ரவரி 2023

அன்புள்ள திருட்டுக் குலமணிக்கு,

எண்பது வயசுத் தாத்தாவுக்கு வைக்கிற பெயரை வைத்துக்கொண்டு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை உனக்கு.

நேற்று அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "படுத்துக்கிட்டே எப்படிடீ இவ்வளவு அழகா வரையிற? எங்களுக்குத் தெரியாம எப்ப வரைஞ்ச?" என்றாள். தலை சுற்றினாலும் சுற்றட்டும் என்று வாங்கிப் பார்த்தேன். ஜனவரி அத்தியாயம். பிப்ரவரி அத்தியாயம். ஓவியம் கேதகி என்று போட்டிருக்கிறது. ஒரு நிமிஷம் நான்தான் தூக்கத்தில் வரைந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

அப்புறம் ஆறாம் பக்கத்தில் பிடிபட்டாய். குஹுடியின் மூக்குத்தி வலது பக்கம் போயிருக்கிறது. பழைய படத்தை எடுத்துத் திரையில் திருப்பிப் போட்டிருக்கிறாய், அதோடு மூக்குத்தியும் திரும்பிவிட்டது. சீலையில் எழுதுகிறவளுக்கு அந்தத் தப்பு வரவே வராது. திருப்பிப் போடுகிறவனுக்குத்தான் வரும். மூன்று வருஷமாக நான் எழுதுவதை ஸ்கேன் செய்து மூடுபனி மட்டும் போட்டவன், இப்போது கோடும் போடுகிறாய்.

இன்னொன்று, கண். முதல் கட்டத்திலிருந்து குஹுடி படிக்கிறவனையே பார்க்கிறாள். முகத்தை ஆரம்பிக்கும்போதே கண்ணை வைத்துவிடுகிறாய் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார்கள்.

கோபமா என்று கேட்காதே. ராத்திரி அழுதேன், ஆனால் கோபத்தில் இல்லை. அண்ணன் இங்கே நம்ம தெருக் கோயிலுக்கு அனசரப் படம் எழுத இப்போதே சீலைக்குப் புளியங்கொட்டைப் பசை தடவிக்கொண்டிருக்கிறான். சாமி உள்ளே படுத்திருக்கும்போது அவன் இடத்தில் அந்தப் படத்தைத்தானே தொங்கவிட்டுக் கும்பிடுகிறோம். நீ எனக்கு அனசரப் படமாக நின்றிருக்கிறாய். வேறு யாரும் எனக்கு இதைச் செய்ய மாட்டார்கள்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். கதவு திறந்ததும் படத்தைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். அதுதான் முறை.

உன்
கேதகி


ஹைதராபாத்
16 பிப்ரவரி 2023

அன்புக் கேதகி,

பிடிபட்டதில் நிம்மதி. இத்தனை நாள் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, உன் கடிதம் வருவதற்கு முன்பே, மேடத்திடம் அப்படி ஒரு வரி போடச் சொல்லத்தான் போனேன். அதற்குள் அவரே, "ரெண்டு மாசம் நின்னா வேற கதைய அந்த இடத்துல போட்ருவாங்க குலமணி, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வாயில் வந்தது, "கேதகி படுத்துக்கிட்டே வரையறா மேடம்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வரைந்துதான் ஆக வேண்டும். உன் பழைய கோடுகளை எல்லாம் எடுத்து, அவற்றிலிருந்தே திரையில் ஒரு தூரிகை செய்துகொண்டேன். இழுத்தால் உன் கோடு மாதிரியே தடித்து மெலிகிறது. கை என்னுடையது, தூரிகையின் மயிர் உன்னுடையது.

நீ திரும்பி வரும்போது குஹுடி இருக்க வேண்டும், உன் பெயர் அவள் மேல் இருக்க வேண்டும். அதற்குத்தான். நீ வந்த அன்றே சுருட்டி வைத்துவிடுகிறேன். சத்தியம்.

கண் மட்டும் எனக்கு வரவில்லை. மேடமும் "இந்த மாசம் கண்ணு ஏதோ மாதிரி இருக்கே, கேதகிக்கு ரொம்ப முடியலையா" என்று கேட்டார். நீ எப்படி வைப்பாய்? நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், ஆனால் கண் வைக்கிற நாளில் நீ கதவைச் சாத்திக்கொள்வாய். சொல்லித் தருவாயா?

உன்
குலமணி


ஜெய் ஜகந்நாத்

பூரி
1 மார்ச் 2023

அன்புள்ள குலமணிக்கு,

இந்தக் கடிதத்தில் மூன்றாவது வரியிலிருந்து வலது கை. பார், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அம்மா கூடத்தில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குலவை இட்டாள். பக்கத்து வீட்டில் கல்யாணமா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நீ கேட்டதைப் பற்றிப் பத்து நாள் யோசித்தேன். அப்பா இருந்தபோது எனக்கே அதை வாயால் சொன்னதில்லை. ஆனால் குருட்டுப் பெண்ணாக அவளை ஏரியில் விட எனக்கு மனசு வரவில்லை.

எல்லாப் பக்கமும் முடிகிற வரை ஒரு கண்ணும் வைக்காதே. கரையும் பூவும் படகும் தண்ணீரும் முடியட்டும். எல்லா முகமும் வெறுமையாக இருக்கட்டும், பயப்படாதே. பிறகு ஒரே நாளில், ஒரே மூச்சில் எல்லாக் கண்ணையும் வை. கருமணி மேல் இமையோடு ஒட்டி இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு நெல்மணி அளவு வெள்ளையை விட்டுவிடு. அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. படகின் மூக்கு இன்னும் போய்ச் சேராத இடத்தைப் பார்க்கிறாள். கடைசிக் கட்டத்தில் மட்டும், ஒரே ஒரு தடவை, படிக்கிறவனைத் திரும்பிப் பார்க்கலாம்.

சாப்பிடாமல் வை. ஏன் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வைத்தால் கண் தூங்குகிறது.

என்னிடம் இருந்தது இவ்வளவுதான். பத்திரமாக வைத்துக்கொள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன்
கேதகி


ஜெய் ஜகந்நாத்

பூரி
2 மே 2023

அன்புள்ள குலமணிக்கு,

இத்துடன் ஒரு குழாய் வருகிறது, மழையில் நனையாமல் வாங்கி வை. உள்ளே பன்னிரண்டு சீலைகள். ஜூன் மாத அத்தியாயம் முழுதும். நான் வரைந்தது. என் கை.

ஏப்ரல் முழுக்க எழுதாததற்கு இதுதான் காரணம். கடிதம் எழுதுகிற கையை மிச்சம் பிடித்துத் தூரிகைக்குக் கொடுத்தேன். மார்ச்சிலும் ஏப்ரலிலும் நீ வரைந்ததைப் பார்த்தேன். கண் வந்துவிட்டது உனக்கு. அண்ணியிடமிருந்து போனை வாங்கி மூன்று தடவை பார்த்தேன். மூக்குத்தியும் இடது பக்கத்துக்கே வந்துவிட்டது.

என் கோடு பழைய மாதிரி இல்லை, உனக்கே தெரியும். முன்பு ஒரே இழுப்பில் படகின் விளிம்பு முழுதும் வரும். இப்போது நடுவில் இரண்டு இடத்தில் கை நிற்கிறது. முதலில் அவமானமாக இருந்தது. நாலாவது சீலையில் எனக்கே பிடித்துப்போனது. கை நிற்கிற இடத்தில் தண்ணீரும் நிற்கிறது. குஹுடி கொஞ்சம் களைத்துத் தெரிகிறாள். ஆறு மாசம் பனியில் நின்றவள் களைக்க மாட்டாளா என்ன. அண்ணன் ஒவ்வொரு சீலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, "இது உன்னோட பழசை விட நல்லாருக்குடீ" என்றான். அவன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

நேற்று குளித்துவிட்டு, சாப்பிடாமல் கண் வைத்தேன்.

ஆக, கதவு திறந்துவிட்டது. படத்தைச் சுருட்டி வை. தேர் முடிந்ததும் நானே வருகிறேன். வீட்டைப் பெருக்கி வை.

உன்
கேதகி


ஹைதராபாத்
12 மே 2023

அன்புக் கேதகி,

சீலைகள் வந்து சேர்ந்தன. நன்றாக இருக்கின்றன. மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. மின்விசிறி போட்டால் சிரட்டைகள் சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன, அதனால் போடுவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். அவசரப்பட்டுக் கிளம்பி வராதே, நிதானமாக வா.

உன்
குலமணி


ஜெய் ஜகந்நாத்

பூரி
4 ஜூன் 2023

குலமணிக்கு,

இன்று குளியல் பௌர்ணமி. அம்மாவும் அண்ணியும் சாமி குளிப்பதைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் வீட்டில் இருந்துகொண்டு ஜூன் அத்தியாயம் பார்த்தேன்.

அதில் என் சீலை ஒன்றுகூட இல்லை.

கதை நான் அனுப்பியதுதான். கட்டங்களும் அதேதான், எந்தக் கட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நிற்கிறார்கள். ஆனால் கோடு நிற்கவே இல்லை. படகின் விளிம்பு ஒரே இழுப்பில் போகிறது. குஹுடிக்குக் களைப்பே இல்லை. தப்பு கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு மணி நேரம் தேடினேன். மூக்குத்தி சரி. கண் சரி. கீழே நெல்மணி அளவு வெள்ளை, அப்படியே. தப்பே இல்லை. தப்பு இருந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

கீழே ஓவியம் கேதகி என்று இருக்கிறது. யாருடா அந்தக் கேதகி?

கேதகி


ஹைதராபாத்
10 ஜூன் 2023

அன்புக் கேதகி,

போன மாதமே எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் சீலைகளை மேடம் மேசையில் விரித்தேன். எனக்கு அவை பிடித்திருந்தன. அதை நீ நம்ப வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, "இது கேதகி வரைஞ்சது இல்லையே. யாரை வச்சு வரைஞ்சீங்க?" என்றார். "கேதகி கோடு இப்படி நடுவுல நிக்காது. அஞ்சு மாசமா எவ்வளவு அழகா வந்துக்கிட்டிருக்கு. அவங்களையே வரையச் சொல்லுங்க, விளையாட்டு கம்பெனிக்காரங்க கையெழுத்துப் போடுற நேரம்" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "இதுதான் கேதகி, இத்தனை மாசமா வந்தது நான்" என்று இரண்டு வார்த்தை. வாய் வரை வந்தது. சொன்னால் ஏமாற்றினோம் என்று ஆகும், குஹுடி போவாள், உன் பெயர் கெடும் என்று நினைத்தேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை, கேதகி. உன்னிடம் பொய் சொல்லி அலுத்துவிட்டது. அவர் அழகா வருது என்று சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷமாக மூடுபனி மட்டும் போட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷம்தான் வாயை மூடியது. இரண்டே நாளில் பன்னிரண்டு பக்கத்தையும் திரும்ப வரைந்தேன். கண்ணைச் சாப்பிடாமல்தான் வைத்தேன்.

விளையாட்டுக்குக் கையெழுத்தாகிவிட்டது. உன் பெயரில்தான்.

தேருக்கு வருகிறேன். நேரில் வந்து உன் காலில் விழுகிறேன். பழைய மாதிரி கோடு வர இன்னும் ஆறு மாசம் பழகினால் போதும் என்று நினைக்கிறேன். நான் கூட இருந்து உதவுகிறேன். கோபத்தில் ஏதும் முடிவு பண்ணாதே.

உன்
குலமணி


ஜெய் ஜகந்நாத்

பூரி
19 ஜூன் 2023

குலமணிக்கு,

இன்று கண் திருநாள். சாமி எழுந்துவிட்டான். விடிவதற்கு முன்பே நம்ம தெருக் கோயிலில் அண்ணன் புது வண்ணம் பூசிக் கண் வைத்துவிட்டு இறங்கினான். கதவு திறந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். முகம் கொஞ்சம் புதுசாகத்தான் இருந்தது அவனுக்கும். மூக்கில் வண்ணம் ஒரு பக்கம் வழிந்திருந்தது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி, "வந்துட்டியாடா ராசா" என்று அழுதாள். பதினைந்து நாள் கும்பிட்ட படத்தைப் பூசாரி இறக்கிச் சுருட்டி அண்ணனிடம் கொடுத்தார். அவன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போனான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இதுவே இருக்கட்டும், நீ உள்ளேயே படுத்துக்கொள் என்று எங்கள் தெருவில் யாரும் சாமியிடம் சொன்னதில்லை.

நீ சந்தோஷப்பட்டதை எழுதியது நல்லது. அந்த ஒரு வரியால்தான் உன்னை வெறுக்க முடியாமல் இருக்கிறேன். உனக்கும் ஒரு கை இருக்கிறது, அது இத்தனை வருஷம் பனிக்குப் பின்னால் நின்றது என்று எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு. நீ உன் பெயரில் வரைந்திருந்தால் நான் தெரு முழுக்க இனிப்பு கொடுத்திருப்பேன். என் பெயரில் வரைந்தாய். இப்போது என் பெயர் என்னை விட நன்றாக வரைகிறது. பழைய மாதிரி வர ஆறு மாசம் பழகச் சொல்கிறாய். யாரைப் பார்த்துப் பழக, குலமணி? உன்னைப் பார்த்தா?

மேடத்துக்குத் தெரியாதது பெரிய விஷயம் இல்லை. பத்து வருஷம் ஒரே பாயில் படுத்தவன், அந்த மேசைக்கு முன்னால் நின்று, இது அவள்தான் என்று சொல்லவில்லை. எனக்கு நோய் அங்கே இருக்கிறது, கையில் இல்லை.

நான் அங்கே வரவில்லை. குஹுடியை வைத்துக்கொள். பெயரையும் வைத்துக்கொள், எனக்கு இனி அது பொருந்தாது. நெல்மணியைத் திருப்பிக் கேட்க முடியாது, கொடுத்தது கொடுத்ததுதான். என் பன்னிரண்டு சீலைகளை மட்டும் அனுப்பிவிடு. நனையாமல் அனுப்பு. சிரட்டைகளுக்குத் தண்ணீர் விட வேண்டாம், காயட்டும்.

நாளைக்குத் தேர். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைப்பதற்குள் நீ கிளம்பியிருப்பாய். வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன், இலை போடுவாள். அம்மா எதுவும் கேட்க மாட்டாள். நான் பின்கட்டில் இருப்பேன். முன்னால் வர மாட்டேன், நீயும் கூப்பிடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கேதகி

இந்தக் கடிதம் முழுதும் வலது கையால் எழுதியது. என் எழுத்துத்தானா என்று சந்தேகம் வந்தால், உன் மேடத்திடம் காட்டிக் கேட்டுக்கொள்.